அபராதக் கணக்கு

ஹாஸ்கல் டன்லவியின் சட்டைப் பையில்
சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது.
தாமதமாக வந்தால் ஒரு டாலர்.
மேடையில் புகையிலை மென்றால் அரை.
பாட்டில் இல்லாத ஸ்வரம்
ஒவ்வொன்றுக்கும் கால்.

கடைசி விதி
லூவெல்லா ப்ரூவிட் ஒருத்திக்காக எழுதியது.

நான் டபுள் பாஸ்.
பாட்டுக்கு இரண்டு ஸ்வரம், சில நாள் மூன்று.
நோட்டில் என் பக்கம் அநேகமாகக் காலி.

அவள் கட்டைவிரல் நல்ல பிள்ளை.
பால்வண்டிக் குதிரை மாதிரி
டம் டக், டம் டக் என்று
சொன்ன வாசலில் நின்று
சொன்ன நேரத்தில் நகரும்.
மற்ற விரல்கள்தான்
கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடும்.

அமரில்லோ தாண்டி, நள்ளிரவும் தாண்டி,
வானம் தெளிந்திருந்தால்
கான்ஸஸ் சிட்டி ரேடியோ
எங்கள் காருக்குள் வரும், போகும்.
ஒரு சாக்ஸபோன் பேசிக்கொண்டிருக்கும்போதே
இரைச்சல் அதை விழுங்கும்.
விழுங்கிய இடத்தை அவள் மனசுக்குள் நிரப்பிக்கொள்வாள்.
"நான் வாசிப்பதில் பாதி அந்த ஆளுடையது,
மீதி இரைச்சல்" என்றாள் ஒருமுறை,
சாண்ட்விச்சை மடியில் பிரித்தபடி.

பருத்தி எடுக்க வந்த மெக்சிகோக்காரர்களின் கொட்டகையில்
சனிக்கிழமை அக்கார்டியன் கேட்கும்.
அதிலிருந்து ஒரு துள்ளலை எடுத்துக்கொண்டாள், கேட்காமல்.
ஆர்வில் சேக் தன் ஸ்டீல் கிடாரை
அழவைக்கிற அந்த வழுக்கலை
சுண்டுவிரலால் வால்யூம் குமிழைத் திருகியே
தன் கிடாரில் கொண்டுவந்தாள்.
ஆர்வில் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.
எட்டாம் நாள்
அந்தக் குமிழுக்கு அவனே எண்ணெய் விட்டான்.

க்ளோவிஸில் ஒரு வாள்ட்ஸ்.
மனைவி விட்டுப்போன லாரிக்காரன் பாட்டு,
ஹாஸ்கல் கண்ணை மூடித்தான் பாடுவார்.
கடைசிச் சரணத்துக்கு முன்
அவளுக்கு எட்டு ஆவர்த்தனம்.
நான்கு, சொன்னபடி.
ஐந்தாவதில் மூச்செடுத்தாள்.
கம்பிக்கு நுரையீரல் உண்டென்று
எனக்கு அதுவரை தெரியாது.
பிறகு, ஒரு படி இறங்க வேண்டிய இடத்தில்
அரைப்படி இறங்கி
அங்கேயே நின்றாள்,
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதா என்று
காலால் துழாவுகிறவளாய்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிற்கவில்லை.
ஒரு பெண் மட்டும்
துணைவன் தோளிலிருந்து தலையைத் தூக்கி,
யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல
வாசல் பக்கம் பார்த்தாள்.
ஹாஸ்கல்
சரணத்தை எடுக்க மறந்துவிட்டார்.
நான் என் இரண்டு ஸ்வரத்தையே
சுற்றிச் சுற்றி வாசித்தேன்,
வேறென்ன செய்ய.

சமையலறையில் கணக்கு நடந்தது.
"பதினொன்று" என்றார்.
"பதின்மூன்று" என்றாள்.
மூன்று டாலர் இருபத்தைந்து சென்ட்.
அன்றைய கூலியே எட்டு டாலர்.
சில்லறையை மேஜையில் ஒவ்வொன்றாக வைத்து,
"கட்டுப்படியாகிற விலைதான்" என்றாள்.

நோட்டு இப்போது என்னிடம்.
பருத்தி பொய்த்த வருஷம் குழு கலைந்தபோது,
பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக
ஹாஸ்கல் என் கையில் திணித்தது.
இசை எழுதத் தெரியாத மனிதர்.
எந்தத் தப்பு என்று குறித்துவைக்க
முதலில் 'தப்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.
பிறகு 'தப்பு, நீளம்.'
'தப்பு, கோணலாகத் தொங்கும் கதவு.'
இரண்டாம் வருஷம்:
'தப்பு. மழைக்கு முன்னால் மாடு நிற்பது மாதிரி.'
க்ளோவிஸ் என்று தேதியிட்ட வரியில்
13 என்ற எண். அடித்து எழுதியது.
பக்கத்தில் ஒன்றுமில்லை.

லூவெல்லா டென்வருக்குப் போனாள்.
ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் குழு,
கறுப்புக் கோட்டு, நல்ல சம்பளம்.
கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது:
"இங்கே விரல்கள் எங்கே போனாலும் கேட்பாரில்லை.
கட்டைவிரலுக்குத்தான் அபராதம்,
டம் டக்கில் வைக்கோல் வாசம் அடிக்கிறதாம்.
கட்டிக்கொண்டிருக்கிறேன்."